உம் அத் தாமி உச்சிக்குப் போக: வாடி ரம் பாலைவனத்தின் உயரமான மலைக்கு விசாவிலிருந்து ஜீப் வரை

ஜோர்டானின் தென்கோடியில், சவூதி எல்லையை ஒட்டி நிற்கிறது உம் அத் தாமி. உயரம் 1,854 மீட்டர். வாடி ரம் பாலைவனத்தில் மட்டுமல்ல, ஜோர்டான் நாட்டிலேயே இதைவிட உயரமான மலை கிடையாது. கயிறு வேண்டாம், பாறையேற்றப் பயிற்சி வேண்டாம். நின்று நின்றாவது இரண்டு மணி நேரம் மேடேற முடிகிற யாரும் உச்சியைத் தொட்டுவிடலாம்.

மலை சுலபம். அடிவாரம் போய்ச் சேருவதுதான் கடினம். அங்கே பேருந்து போகாது, தார்ச்சாலை கிடையாது, வழிகாட்டிப் பலகையும் கிடையாது. இணையத்தில் தேடினால் உச்சியில் கொடியோடு எடுத்த படங்கள் நிறையக் கிடைக்கும். எந்தச் சீட்டை எங்கே வாங்குவது, ஜீப்காரரிடம் எதையெல்லாம் பேசி முடிப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதெல்லாம் கிடைப்பது அரிது. அதைத் திரட்டவே எனக்குப் பல வாரங்கள் ஆயின. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு நிம்மதியான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலைக்கென்று தனி ஏற்ற அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வாடி ரம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான நுழைவுச் சீட்டு போதும். தனி அனுமதி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

## 1. விமானச் சீட்டுக்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை, பிறகு அக்டோபர், நவம்பர். இவைதான் நல்ல மாதங்கள். என்னைக் கேட்டால் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை. பகலில் இதமான வெயில், இரவில் ஒரு கனமான போர்வை போதும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தொடும், மலைப்பாதையில் நிழலென்று சொல்ல ஒன்றும் இல்லை. வேறு விடுமுறையே கிடைக்காது என்றால் விடியுமுன்னே, தங்கியிருக்கும் பாலைவனக் கூடார முகாமைவிட்டுக் கிளம்பிப் பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்கு ஜீப்காரர் சம்மதிக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் நடக்கச் சுகமாக இருக்கும், ஆனால் இரவில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். பகலும் குறைவு. சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கும், மாலை ஆறுக்குள் இருட்டிவிடும். குளிர்காலத்தில் இன்னொரு ஆபத்து திடீர் வெள்ளம். பாலைவனத்தில் வெள்ளமா என்று நினைக்க வேண்டாம். மழைநீரை மணலும் பாறையும் உடனே உறிஞ்சுவதில்லை, எங்கோ பெய்த மழை பள்ளத்தாக்கு வழியே பாய்ந்து வரும். மழை அறிவிப்பு இருந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிவையுங்கள். அதற்காகவே திட்டத்தில் ஒரு நாள் உபரியாக இருக்கட்டும்.

ரமலான் மாதத்தையும் பாருங்கள். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அந்த மாதத்தில் போகக் கூடாது என்பதில்லை. ஆனால் உங்களோடு வருகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருப்பார், உணவகங்கள் பகலில் மூடியிருக்கும், வண்டிகளும் குறையும். நோன்பிருப்பவரை உச்சிவரை நடக்கச் சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

## 2. விசாவா, ஜோர்டான் பாஸா? கணக்குப் போட்டு எடுங்கள்

பலரும் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான்.

இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தலைநகர் அம்மானின் குயின் அலியா விமான நிலையத்தில் வந்திறங்கியதும் விசா தருகிறார்கள். ஒருமுறை நுழையும் விசாவுக்கு 40 தினார். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். திரும்பும் விமானச் சீட்டு, தங்குமிட முன்பதிவு இரண்டையும் அச்சிட்டு வைத்திருங்கள். அம்மானில் கேட்காவிட்டாலும், உங்கள் ஊரில் விமானம் ஏறும்போது விமான நிறுவனத்தார் கேட்பார்கள். எல்லா நாட்டுக் கடவுச்சீட்டுக்கும் இந்த வசதி கிடையாது. சில நாட்டினர் முன்னதாகவே ஒப்புதல் வாங்க வேண்டும். வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சீட்டு எடுக்கும் முன் ஜோர்டான் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு வழி ஜோர்டான் பாஸ். அதிகாரபூர்வ இணையதளத்தில் அட்டை மூலம் பணம் கட்டினால் க்யூஆர் குறியோடு ஒரு தாள் மின்னஞ்சலில் வரும். பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவில் ஒரு நாள் என்றால் 70 தினார், இரண்டு நாள் என்றால் 75, மூன்று நாள் என்றால் 80. விசாக் கட்டணம், பெட்ரா நுழைவு, வாடி ரம் நுழைவு, இன்னும் பல இடங்கள் இதில் அடக்கம்.

இப்போது கணக்கு. பாஸ் இல்லாமல் போனால் விசா 40, பெட்ரா ஒரு நாள் 50, வாடி ரம் 5, ஆக 95 தினார். பாஸ் 70. எனவே பெட்ராவுக்கும் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் பாஸ் எடுங்கள். மலையேறுவது மட்டுமே நோக்கம், பெட்ரா வேண்டாம் என்றால் விசாவும் வாடி ரம்மும் சேர்ந்து 45 தினார்தான். பாஸ் நட்டம்.

பாஸ் எடுப்பவர்களுக்கு மூன்று நிபந்தனைகள். ஜோர்டானுக்குள் நுழையும் முன்பே வாங்கியிருக்க வேண்டும்; விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டு நினைவு வந்தால் பயனில்லை. நாட்டில் குறைந்தது மூன்று இரவுகள் தங்க வேண்டும். அதற்குள் கிளம்பினால் தள்ளுபடியான விசாக் கட்டணத்தைப் போகும்போது கட்டச் சொல்வார்கள். அப்புறம், வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் என்றாலும், முதல் இடத்தில் ஸ்கேன் செய்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும். கடவுச்சீட்டு எண்ணைப் பதியும்போது ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல் தாளிலும் அச்சிடுங்கள், பாலைவன வாசலில் சார்ஜ் தீர்ந்த கைப்பேசி உதவாது.

டிரோன் கொண்டுபோகாதீர்கள். முன் அனுமதி இல்லாத டிரோனை விமான நிலையத்திலேயே எடுத்துவைத்துக்கொள்வார்கள். நீங்கள் போவது நாட்டின் எல்லைப் பகுதி வேறு.

## 3. வாடி ரம் கிராமம் வரை

அம்மானிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர், காரில் நான்கு மணி நேரம். பெட்ராவின் ஊரான வாடி மூசாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். செங்கடல் துறைமுக நகரமான அக்காபாவிலிருந்து ஒரு மணி நேரம்.

நான் சொல்லும் வரிசை இது: அம்மானில் இறங்கி, வாடி மூசா போய், பெட்ராவைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து வாடி ரம். பெட்ராவில் ஏறி இறங்கும் படிகளே கால்களுக்கு நல்ல பயிற்சி.

வாடி மூசாவிலிருந்து காலையில் ஒரு மினி பஸ் வாடி ரம்முக்குக் கிளம்பும், ஆறு ஆறரை மணிவாக்கில். முந்தைய நாளே விடுதிக்காரரிடம் சொன்னால் ஓட்டுநருக்குப் போன் செய்து இடம் பிடித்துத் தருவார், வாசலில் வந்து ஏற்றிக்கொள்வதும் உண்டு. கட்டணத்தையும் அப்போதே கேட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை இந்தப் பஸ்ஸை நம்பாதீர்கள். வார விடுமுறை நாள் அது. பயணத் திட்டம் போடும்போது வெள்ளிக்கிழமை வண்டி மாறும் நாளாக வராமல் பார்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

அம்மானிலிருந்து நேராக வருபவர்கள் அக்காபா பஸ்ஸில் ஏறி, பாலைவன நெடுஞ்சாலையில் ராஷிதியா சந்திப்பில் இறங்குவதுண்டு. ஆனால் அங்கிருந்து கிராமத்துக்கு இன்னும் 30 கிலோமீட்டர் அளவு இருக்கிறது, சந்திப்பில் காத்திருப்பவர் சொல்கிற விலைதான் விலை. அதைவிட அக்காபா போய் இறங்கி அங்கிருந்து டாக்சி பிடிப்பது மேல். 25 முதல் 35 தினார் ஆகும். இல்லையென்றால் நீங்கள் தங்கப்போகும் முகாம்காரரிடமே வண்டி அனுப்பச் சொல்லுங்கள். விலை ஏறத்தாழ அதேதான், ஆனால் உங்களுக்காக ஒருவர் காத்திருப்பார்.

அக்காபாவில் ஒன்றைக் கவனியுங்கள். எதிரே இஸ்ரேலும் எகிப்தும். கைப்பேசி அந்தப் பக்கத்து சிக்னலைப் பிடித்துக்கொண்டால், குளிர்காலத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். ஜோர்டான் 2022 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது, இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நேரத்தைக் கைப்பேசியே தானாக மாற்றும் வசதியை அணைத்துவிட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வாடகைக்கு எடுப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுபோங்கள், வண்டி வலப்பக்கம் போகும் நாடு. நெடுஞ்சாலையில் ரேடார் வைத்திருப்பார்கள், எதிர்பாராத இடத்தில் வேகத்தடையும் இருக்கும். காரைக் கிராமத்தில் நிறுத்திவிட்டு ஜீப்பில் மாற வேண்டும். சாதாரணக் கார் மணலில் ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டாது.

## 4. ஜீப்: எல்லாம் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது

பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் இந்த ஒரு படியில்தான். பொறுமையாகப் படியுங்கள்.

கிராமத்திலிருந்து மலையடிவாரம் வரை மணலில் ஜீப்பில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஜீப் என்கிறார்களே தவிர, பெரும்பாலும் அது பின்பக்கம் திறந்த பழைய பிக்கப் வண்டி, இரு பக்கமும் பெஞ்சு போட்டிருக்கும். இதை ஓட்டுவோர் வாடி ரம்மின் பெதூயின் (பாலைவன நாடோடி மரபினர்) குடும்பத்தினர். முகாம் நடத்துவதும் ஜீப் ஓட்டுவதும் மலைக்கு வழிகாட்டுவதும் பெரும்பாலும் ஒரே குடும்பமாக இருக்கும். எனவே முகாமையும் மலைப் பயணத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பேசுவதுதான் வசதி.

வாடி ரம்மின் வழக்கமான ஜீப் சுற்றுலாவில் இந்த மலை வராது. கசாலி பிளவு, மணல்மேடு, உம் ஃப்ரூத் பாறைப்பாலம், சூரிய அஸ்தமனம் என்று வடபகுதியிலேயே சுற்றிக் காட்டித் திரும்பிவிடுவார்கள். உம் அத் தாமி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், குறைந்தது ஒரு வாரம் முன்பே. எரிபொருளும் நேரமும் கூடுதலாகும் என்பதால் விலையும் கூடும்.

நான் பல முகாம்களுக்குச் செய்தி அனுப்பி விலை கேட்டேன். வந்த பதில்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஒருவர் சொன்னது வண்டிக்கு, இன்னொருவர் சொன்னது ஆளுக்கு. ஒருவர் இரவுத் தங்கலையும் சேர்த்திருந்தார், இன்னொருவர் மதிய உணவைக்கூடச் சேர்க்கவில்லை. அதனால் விலை கேட்கும் முதல் செய்தியிலேயே கீழே உள்ளவற்றைக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள், வாட்ஸ்அப் போதும்.

- சொன்ன விலை வண்டிக்கா, ஆளுக்கா? இன்னும் இருவர் சேர்ந்தால் எவ்வளவு குறையும்?
- உடன் ஒருவர் உச்சி வரை நடந்து வருவாரா, அல்லது ஓட்டுநர் கீழே காத்திருப்பாரா?
- மதிய உணவு, தண்ணீர், முகாமில் இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு எவை அடக்கம்?
- எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குக் கிராமத்தில் கொண்டுவந்து விடுவார்கள்?
- முகாம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு உள்ளேயா, வெளியேயா?
- முன்பணம் எவ்வளவு, வானிலை கெட்டால் அது என்ன ஆகும்?

இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு. "ஜீப்பும் வழிகாட்டியும்" என்று எழுதியிருந்தாலும், அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "அதோ பாதை, நான் டீ போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பாதையில் கல் அடுக்கி அடையாளம் வைத்திருப்பதால் பழகியவர்களுக்கு அது பெரிய சிரமமில்லை. முதல் தடவை மலையேறுகிறவர்களும் தனியாகப் போகிறவர்களும் மட்டும் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தாவது கூட ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். தனியாக ஏறும்போது கணுக்கால் பிசகினால் கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள், கைப்பேசி சிக்னலும் நிச்சயமில்லை.

ஐந்தாவது கேள்விக்கும் காரணம் இருக்கிறது. படங்களில் பளபளக்கும் கண்ணாடிக் குமிழ்க் கூடாரங்கள் பல, பக்கத்து ஊரான திசியை ஒட்டி, பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே இருக்கின்றன. பெயரில் மட்டும் வாடி ரம் இருக்கும். தங்குவதற்கு அவை மோசமில்லை, ஆனால் நீங்கள் போக வேண்டிய மலை நேர் எதிர்த் திசையில், தெற்கே. காலையில் அங்கிருந்து கிளம்பினால் ஜீப்பில் உட்காரும் நேரம் இன்னும் நீளும். கிராமத்துக்குத் தெற்கே உள்ள எளிய முகாமே இந்தப் பயணத்துக்கு ஏற்றது.

பார்வையாளர் மையத்தின் வாசலிலும் ஜீப் கிடைக்கும். ஆனால் வழக்கமான சுற்றுகளுக்குத்தான் அது சரி. அன்றைக்கே வந்து அன்றைக்கே தூர மலைக்குப் போக வேண்டும் என்றால் பேரம் உங்கள் கையில் இருக்காது. சாலையில் காரை மறித்து, "நீங்கள் பதிவு செய்த முகாமிலிருந்துதான் வருகிறேன்" என்று சொல்பவரோடு கிளம்பிவிடாதீர்கள். முகாம்காரரின் பெயரையும் எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு, போன் செய்து உறுதிப்படுத்திய பிறகே ஏறுங்கள்.

## 5. பணம்

1 தினார் சுமார் 1.41 அமெரிக்க டாலர். டாலரோடு இணைத்து நிலைநிறுத்திய நாணயம் என்பதால் இந்த விகிதம் மாறாமலே இருக்கும்.

மலைப் பயண ஜீப்புக்குத் தனியாளாகப் போனால் 100 தினாரை ஒட்டி அல்லது அதற்கு மேலும் கேட்பார்கள். நால்வர் சேர்ந்தால் ஆளுக்கு அதில் பாதி அளவுக்கு இறங்கும். எளிய முகாமில் ஓர் இரவு, சாப்பாட்டோடு ஆளுக்கு 25 முதல் 40 தினார். தனியாகப் போகிறவர்கள், அதே நாளில் மலைக்குப் போக வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று முகாம்காரரிடம் விசாரியுங்கள். செலவு குறைய இதுதான் நேரான வழி, பேரம் பேசுவதைவிட இது பலிக்கும்.

பணத்தை அக்காபாவிலோ வாடி மூசாவிலோ ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு வாருங்கள். கிராமத்தில் கிடைக்கும் என்று வராதீர்கள், முகாமில் அட்டையும் வாங்க மாட்டார்கள். 50 தினார் தாள்களாக இல்லாமல் 5, 10 தாள்களாகக் கொஞ்சம் இருக்கட்டும். விமான நிலையத்தில், விசா கவுண்டருக்கு முன்னால் இருக்கும் நாணய மாற்றுக் கடையில் தேவையான அளவு மட்டும் மாற்றுங்கள், விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. உடன் நடந்து வந்தவருக்கு ஐந்து பத்து தினார் அன்பளிப்பு கொடுப்பது வழக்கம், கட்டாயமில்லை.

## 6. பையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், வெயில் காலத்தில் 4. மலையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு மூன்று. பாதை முழுக்க உருளும் சரளையும் உடைந்த கல்லும் என்பதால் கணுக்காலைப் பிடிக்கும் பழகிய ஷூ. புது ஷூவை இந்தப் பயணத்தில் முதல்முறை போடாதீர்கள்.

காற்றைத் தடுக்கும் மேல்சட்டை அவசியம். கீழே வியர்க்கும்போது தேவையில்லை என்று தோன்றும், உச்சியில் காற்று விட்டு வைக்காது. திறந்த ஜீப்பில் காலைப் பயணம் நவம்பரிலேயே நடுங்க வைக்கும். தலையையும் முகத்தையும் சுற்றிக்கொள்ள ஒரு நீளத் துணி. அங்கே கிடைக்கும் ஷெமாக் துணியே போதும், தூசிக்கும் வெயிலுக்கும் அதைவிட நல்லது இல்லை. கறுப்புக் கண்ணாடி, வெயில் களிம்பு, தலையில் கட்டும் விளக்கு, பவர் பேங்க். கிராமத்தில் முழங்காலும் தோளும் மூடிய உடை மரியாதை.

ஜெயின், ஆரஞ்ச், உம்னியா என்று மூன்று நிறுவனங்களின் சிம் கிடைக்கும். கிராமத்தைத் தாண்டினால் எதற்கும் உத்தரவாதம் இல்லை. வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும்படி முன்பே இறக்கிவையுங்கள். மலைப் பக்கம் போனதும் கைப்பேசி சவூதி நெட்வொர்க்குக்குத் தாவ வாய்ப்புண்டு என்பதால் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். அவசர எண் 911. பெரிய மருத்துவமனைக்கு அக்காபாதான் போக வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது மலைநடையும் அடக்கமா என்று பாருங்கள்.

## 7. முந்தைய நாள்

மலையேறும் நாளுக்கு முந்தைய இரவைப் பாலைவனத்துக்குள்ளேயே கழிப்பது நல்லது. பெட்ராவிலிருந்து காலையில் கிளம்பி அன்றே மலையும் ஏறுகிறேன் என்று திட்டம் போடாதீர்கள். பஸ் தாமதமானால் நடுவெயிலில்தான் ஏறத் தொடங்குவீர்கள்.

பார்வையாளர் மையம் கிராமத்துக்கு 7 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. பாஸைக் காட்டி, அல்லது 5 தினார் கட்டி, சீட்டு வாங்க வேண்டும். பஸ்ஸில் வந்தாலும் இங்கே நிறுத்துவார்கள். இங்கே கழிப்பறை இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு கிராமத்தில் முகாம்காரர் வந்து அழைத்துப் போவார். கடையில் தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

இரவுச் சாப்பாடு ஸர்ப். மணலுக்குள் புதைத்த அடுப்பில் இறைச்சியையும் உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயத்தையும் தட்டுத்தட்டாக அடுக்கி ஆவியிலேயே வேகவைப்பது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள்: காய்கறி பெரும்பாலும் இறைச்சியோடு ஒரே அடுப்பில்தான் வேகும். தனியாக வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள். ஹம்முஸ், பருப்பு சூப், ரொட்டி, சோறு எப்படியும் இருக்கும்.

படுக்கும் முன் மறுநாள் கிளம்பும் நேரத்தை ஓட்டுநரிடம் மறுபடி உறுதி செய்யுங்கள். சும்மா "காலையில்" என்று சொல்லி விடாமல் மணியைச் சொல்லுங்கள். பொதுவாக எட்டு, எட்டரைக்குக் கிளம்புவார்கள். ஏழுக்குக் கிளம்பக் கேளுங்கள்.

## 8. மலையேறும் நாள்

ஜீப் தெற்கே போகப் போகப் பயணிகள் கூட்டம் மறைந்துவிடும். வழியில் ஒட்டகங்களும் ஆட்டு மந்தைகளும் மட்டும்தான். ஒன்றரை மணி நேரத்தில் அடிவாரம். இறங்கியதும் இரண்டு விஷயங்களைச் செய்யுங்கள். வண்டி நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேடி வர வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவையுங்கள். இங்கே மலசலகூடம் கிடையாது, பயன்படுத்திய தாளைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஏற்றம் 400, 500 மீட்டர் அளவு. மெதுவாகப் போனால் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். தொடக்கத்தில் சரிவு சாதாரணமாக இருக்கும், பிறகு கற்கள் பெரிதாகும், சில இடங்களில் கையூன்ற வேண்டி வரும். கல் அடுக்கு அடையாளங்களை ஒன்றிலிருந்து அடுத்ததாகப் பார்த்துக்கொண்டே போங்கள். அடுத்தது கண்ணில் படவில்லை என்றால் மேற்கொண்டு ஏறாமல், கடைசியாகப் பார்த்த அடுக்குக்குத் திரும்பி வந்து தேடுங்கள். குறுக்கு வழி என்று தோன்றும் தடங்கள் பெரும்பாலும் ஆடுகள் போட்டவை, செங்குத்தான பாறையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். விளையாட்டுக்காகக் கூடப் புது அடுக்கு வைக்காதீர்கள், உள்ளதைக் கலைக்காதீர்கள். பின்னால் வருபவருக்கு அதுதான் பாதை.

கண்ணுக்கு உச்சி போலத் தெரிகிற முகடு வந்ததும் தண்ணீரை முழுக்கக் குடித்துத் தீர்த்துவிட வேண்டாம். அதற்கப்பால் மலைத்தொடரின் மேல் இன்னும் நடை இருக்கும். ஜோர்டான் கொடி நிற்கும் இடம்தான் உச்சி. வடக்கே வாடி ரம்மின் செம்மணலும் பாறை மலைகளும் விரிந்து கிடக்கும், தெற்கே சவூதி மலைகள். வானம் தெளிவாக இருந்தால் அக்காபா வளைகுடாப் பக்கம் செங்கடலும் தெரியும். வாடி ரம் கிராமத்துக்கு மேலேயே எழுந்து நிற்கும் ஜெபல் ரம் மலையைத்தான் நாட்டின் உயரமான மலை என்று ஒரு காலத்தில் பலரும் நினைத்திருந்தார்கள். அது 1,734 மீட்டர். உம் அத் தாமி அதைவிட 120 மீட்டர் உயரம், ஆனால் அங்கே கூட்டம் இல்லை. அந்தத் தனிமைக்காகவே இத்தனை ஏற்பாடும் தகும் என்று நான் நினைக்கிறேன்.

உச்சியிலிருந்து தெற்குப் பக்கம் இறங்கிப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். எல்லை சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, அங்கே வேலியைத் தேடிப் போகிற விளையாட்டு வேண்டாம். வந்த வழியே இறங்குங்கள். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் சரளை வழுக்கும், விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். கைத்தடி இருந்தால் முழங்கால் நன்றி சொல்லும்.

கீழே வந்ததும் ஓட்டுநர் விறகு மூட்டித் தக்காளி, வெங்காயம் வதக்கிச் சமைப்பார். கலாயத் பந்தோரா என்பார்கள். ரொட்டியைக் கிள்ளி அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும், சைவக்காரர்களுக்கும் பிரச்சினையில்லை. கூடவே சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ.

திரும்பும் வழியில் புர்தா பாறைப்பாலத்திலும் ஏறலாம் என்று சொல்வார்கள். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். புர்தாவில் சில இடங்களில் பாறையைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும், களைத்த காலோடு செய்கிற வேலை அல்ல. அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள், அல்லது கீழிருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

## 9. திரும்பும் ஏற்பாடு

கிராமத்துக்கு வந்து சேர மாலை மூன்றரை, நான்கு ஆகிவிடும். அந்த நேரத்துக்கு வாடி மூசா போக மினி பஸ் இருக்காது, அது காலையிலேயே போய்விடும். எனவே அன்றிரவும் முகாமில் தங்குங்கள், அல்லது அக்காபாவுக்கு டாக்சி பேசி வையுங்கள். அக்காபாவில் தங்கிக் கடலில் ஒரு நாள் காலாற இருந்துவிட்டு, அங்கிருந்து பகல் பஸ்ஸில் அம்மான் போவது உடம்புக்கு நல்லது.

மலையேறிய அன்றிரவே அம்மானில் விமானம் பிடிக்கும்படி சீட்டு எடுக்காதீர்கள். ஜீப் மணலில் சிக்கினாலோ நெடுஞ்சாலையில் புழுதிக்காற்று வீசினாலோ கணக்கு முழுக்கத் தவறும். விமானத்தில் திரும்புகிறவர்களுக்கு வெளியேறும் வரி சீட்டிலேயே சேர்ந்திருக்கும். தரைவழி எல்லையைக் கடக்கிறவர்கள் தனியாக 10 தினார் கட்ட வேண்டும், அதை ரொக்கமாகவே எடுத்துவையுங்கள்.